பங்கு பிரியாத சாமி

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பு, கொங்கு நாட்டின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு முழுவதற்கும் அங்கே கிடைக்கும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். கிணற்றுத் தண்ணீர் பாயும் நிலத்தைத் தோட்டம் என்றும், மழையை மட்டும் நம்பிக் கம்பும் சோளமும் கொள்ளும் விதைக்கப்படும் நிலத்தைக் காடு என்றும், கொழுக்கட்டைப் புல் வளர்ந்து, வெள்வேல மரங்கள் நின்று, கிளுவை முள்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்றும் அப்பகுதிக் குடியானவர்கள் பிரித்துச் சொல்வர். ஊருக்குள் தெருவாகக் கூடி வாழாமல் அவரவர் தோட்டத்திலேயே, மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டி, சாளை எனப்படும் வீட்டைக் கட்டிக்கொண்டு வாழ்வது அங்குள்ள வழக்கம். அடுத்த வீடு கூப்பிடு தூரத்திலும் கோயில் அதற்கும் அப்பாலும் இருந்த அந்த அமைப்பில், வழிபாடு என்பது பெரும்பாலும் பூசாரியின் துணையின்றி, அன்றாட வேலையின் ஊடாகவே நடந்தாக வேண்டியிருந்தது.

இங்கே நினைவுகூரப்படுவது, 1960களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் இறுதி வரை காங்கேயத்துக்குக் கிழக்கே அத்தகைய சாளை ஒன்றில் நடந்த பண்ணைய வாழ்க்கை. பண்ணையம் என்பது அவ்வட்டாரத்தில் உழவு, கால்நடை, கூலியாட்கள், கடன், விளைச்சல் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல். அப்பாரு என்று பேரப்பிள்ளைகள் அழைத்த தந்தைவழிப் பாட்டனாரும், ஆத்தா என்று அழைத்த பாட்டியும், அவர்களுடைய இரண்டு மகன்களும் மருமகள்களும் பிள்ளைகளும் ஒரே உலைச்சோறு உண்ட குடும்பம் அது. பக்தியைப் பற்றித் தனியாக எவரும் அந்த வீட்டில் பேசியதில்லை. அப்பாருவுக்குத் தேவாரமும் தெரியாது, திருப்புகழும் தெரியாது. நெற்றியில் திருநீறு இல்லாமல் காட்டுக்குப் போனதும் கிடையாது. ஆறுதல் தேடிச் சாமியிடம் போனவர்களாகவும் அவர்களைச் சொல்ல இயலாது. மனிதர்களால் முடிவெடுக்க முடியாத இடங்களில் முடிவெடுப்பதற்கும், விட்டால் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய வழக்குகளை அந்த இடத்திலேயே நிறுத்துவதற்கும் அக்குடும்பம் கைக்கொண்ட நடைமுறையாகவே சாமி அங்கே இருந்தது.

அந்த நடைமுறைக்கு நடுவில் இருந்தது கிணறு. மின்மோட்டார் வருவதற்கு முன் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்தார்கள். கவலை என்பது, கிணற்றை ஒட்டிச் சரிவாக வெட்டப்பட்ட வாரியில் எருதுகள் இறங்கும்போது வடக்கயிற்றின் வழியே சால் எனப்படும் நீர்க்கலம் மேலே ஏறுவதும், அவை பின்னோக்கி நடந்து மேட்டுக்கு வரும்போது சால் கிணற்றுக்குள் இறங்குவதுமாக அமைந்த இறைப்பு முறை. சாலின் அடியில் தும்பி எனப்படும் தோல்குழாய் தைக்கப்பட்டிருக்கும். மேலே வந்ததும் அதன் வாய் தொட்டியில் தானாகத் திறந்து தண்ணீர் கொட்டும். கோழி கூப்பிடுவதற்கு முன்பே அப்பாரு எருதுகளைப் பூட்டி, வாரி இறங்கும்போது தம் உடல் எடையும் சேரட்டும் என்று வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். முதற் சால் தண்ணீரில் ஒரு கை அள்ளி, கிணற்று மேட்டில் நட்டிருந்த ஏழு கற்களின் மேல் தெளிப்பதோடு அன்றைய வழிபாடு முடிந்துவிடும். அந்தக் கற்கள் கன்னிமார்; நீர்நிலைகளைக் காக்கும் ஏழு பெண் தெய்வங்களாகக் கொங்கு நாடெங்கும் கிணற்றடியிலும் குளக்கரையிலும் வழிபடப்படுபவர்கள். மந்திரம் கிடையாது, கைகூப்பி நிற்பதும் கிடையாது. எருது நின்றுவிட்டால் மறுபடி நடையெடுக்க நேரமாகும் என்பதால், தெளிக்கும் கை தெளிக்க, வாய் எருதை அதட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அப்பாருவும் அவருடைய தம்பியும் பாகம் பிரிந்தபோது தோட்டமும் காடும் அளந்து பிரிக்கப்பட்டன. மாடுகளும் பித்தளை அண்டாக்களும் வேலிப் பனைமரங்களும்கூடப் பிரிந்தன. பிரியாமல் நின்றவை இரண்டு. ஒன்று கிணறு, மற்றொன்று குலதெய்வம். கிணறு பங்குக் கிணறாயிற்று. அதாவது, தண்ணீர் எடுக்கும் உரிமை நாட்கணக்கில் முறை வைக்கப்பட்டு, ஒருவர் முறையில் மற்றவர் சால் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்பட்டது. காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, பங்குனி வெயிலில் கிணற்றில் ஒரு முழத் தண்ணீர் கிடக்கும்போது என்ன பாடுபடும் என்பதைப் பங்குக் கிணறு வைத்திருந்த எந்தக் குடும்பமும் அறியும். ஊற்று சுரந்து நீர் சேர்வது இறைப்பில்லாத இரவில்தான். விடியும்போது யாருடைய முறையோ அவருக்கே அந்தச் சுரப்பு முழுவதும் கிடைக்கும். முறை மாறும் இரவில் நடந்ததை எவரும் பார்த்திருக்க முடியாது. அளக்கவோ சாட்சி வைக்கவோ வழியில்லாத இத்தகைய சண்டையில் கடைசியாக மிஞ்சுவது சத்தியம்தான்.

சத்தியம் செய்பவர் தெய்வத்தின் முன் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைப்பார். பொய்யென்றால் அந்தச் சூடம்போலத் தன் குலவிளக்கும் அணையட்டும் என்பது அதன் பொருள். தம்முடைய முறையில் அண்ணன் வீட்டார் இரவோடிரவாகத் தண்ணீர் இறைத்துவிட்டதாக ஒருமுறை அப்பாருவின் தம்பி குற்றம் சாட்ட, அப்பாரு தாம் இறைக்கவில்லை என்று சூடம் அணைக்க எழுந்துவிட்டார். கன்னிமார் கல்லின் மேல் சூடம் வைக்கப்பட்டும்விட்டது. அப்போது, ஆண்கள் பேசும் இடத்துக்கு வழக்கமாக வராத ஆத்தா வந்து நின்று, "கொழுந்தனாரே, போன தண்ணி மழை பேஞ்சா வந்துருமுங்க, அணைச்ச சூடத்தெ மறுபடி பத்த வெக்க முடியாதுங்க. ரெண்டு ஊட்லயும் புள்ளைங்க இருக்குதுங்க" என்று சொன்னதும், தம்பி தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. தண்ணீர் இறைத்தது உண்மையா என்பது அதற்குப் பின் பேசப்படவில்லை. அந்த வட்டாரத்தில் அணைத்த சூடத்தைவிட அணைக்காமல் விட்ட சூடமே அதிக வழக்குகளைத் தீர்த்திருக்கும்.

மின்மோட்டார் வைப்பதா என்ற கேள்வி எழுந்தபோதும் பங்குக் கிணறு என்பதால் இரு வீடும் ஒப்ப வேண்டியிருந்தது. மூத்த மகன் மோட்டார் வேண்டும் என்றார். அப்பாருவின் தம்பி வீட்டார் கடனுக்கு அஞ்சினார்கள். அப்பாரு எந்தப் பக்கமும் பேசாமல், குலதெய்வத்திடம் பூவாக்குக் கேட்கலாம் என்றார். வெள்ளை அரளியை ஒரு பொட்டணத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டணத்திலும் மடித்து, தெய்வத்தின் காலடியில் போட்டுக் கலக்கி, விவரம் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வதே பூவாக்கு. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் தடை. வீட்டின் இளைய பேத்தி எடுத்த பொட்டணத்தில் சிவப்பு வந்தது. மூத்த மகன் முகம் சுருங்கிப்போய்க் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வெள்ளாமை முடிந்து, கடலை விற்றுக் கையில் கொஞ்சம் பணம் புரண்டு, தம்பி வீட்டாரின் அச்சமும் தணிந்திருந்த சமயத்தில் அப்பாரு மறுபடி கேட்டார், வெள்ளை வந்தது.

சாமி ஒருமுறை சொன்னதை மறுபடி கேட்கலாமா என்று வெளியார் நகைக்கக்கூடும். ஆனால் அந்த இடைவெளியில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தம்பி மறுத்ததனால் காரியம் நின்றது என்று ஆகியிருந்தால், அந்தப் பேச்சு தலைமுறைக்கும் தங்கியிருக்கும். சாமி மறுத்தது என்றானதால் எவருக்கும் மானக்கேடு நேரவில்லை, காலம் மட்டும் கிடைத்தது. பொட்டணங்களை மடித்தவர் யார் என்று அக்குடும்பத்தில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விதான்.

இதே நடைமுறை பெரிய அளவில் நிகழ்வதைக் காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் காணலாம். பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவன் ஏதேனும் ஒரு பொருளைக் குறிப்பிட்டால், அவர் கோயிலுக்கு வந்து தெரிவிக்க, அது மெய்யான உத்தரவுதானா என்று சன்னதியில் பூப்போட்டுப் பார்த்து, வெள்ளைப்பூ வந்த பின்னரே அப்பொருள் அங்குள்ள கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். ஆண்டவன் உத்தரவுப் பெட்டி எனப்படும் அதில், அடுத்த உத்தரவு வரும்வரை அப்பொருள் இருக்கும். மண், தண்ணீர், நெல், நாணயம் என்று எளிய பொருள்களே பெரும்பாலும் வரும். பெட்டியில் இருக்கும் பொருளைக் கொண்டு விலைவாசியையும் மழையையும் கணிப்பது சுற்றுவட்டாரத்துச் சந்தைகளில் வாடிக்கையான பேச்சு. கனவில் வந்தவன் ஆண்டவனே ஆனாலும் அவன் சொல்லையும் ஒருமுறை சரிபார்த்துத்தான் ஏற்கவேண்டும் என்ற அந்த எச்சரிக்கை, கடன் வாங்கி விதைத்துப் பழகியவர்களுக்கு உரியது.

கால்நடையைப் பொறுத்தவரை நம்பிக்கை இன்னும் நெருக்கமாக இருந்தது. காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த நிறமாற்றத்தை ஒவ்வொரு கன்றிடமும் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தைப்பொங்கலைவிட மறுநாள் வரும் பட்டிப் பொங்கலே பெரிய நோம்பி. நோம்பி என்பது அங்கே பண்டிகைக்குப் பெயர். மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய காப்பு சாளையின் கூரையிலும் கட்டுத்தரையிலும் காட்டு மூலையிலும் கிணற்றடியிலும் செருகப்பட்டுவிடும். பட்டிப் பொங்கலன்று மாலையில் கட்டுத்தரையின் நடுவில் சாணத்தால் கரை எடுத்து ஒரு சிறு குளம் கட்டுவார்கள். அதற்குத் தெப்பம் என்று பெயர். அதில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் பூவும் இட்டு, அருகில் கல் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். பொங்கியதும் வாழைப்பழத்தோடு பிசைந்த சோற்றை முதலில் மாடுகளுக்கு ஊட்டிவிட்டு, கொம்பில் வண்ணம் பூசிக் கழுத்தில் மாலை கட்டிய கன்று ஒன்றைத் தெப்பத்துக்குள் இறக்கி மறுகரைக்கு ஏற்றுவார்கள். கன்று மிரண்டு நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும். பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் தாம்பாளத்தைத் தட்ட, நோயும் நொடியும் பட்டியைவிட்டு ஓடட்டும் என்று அனைவரும் கூச்சலிட, அது சாணக்கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்து, நிற்பவர்கள் மேலெல்லாம் மஞ்சள் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு ஓடும். சாணமும் மஞ்சளும் பட்ட உடையோடேயே கட்டுத்தரையில் இலை போட்டு அனைவரும் உண்பார்கள். ஆண்டில் அந்த ஒருநாள் மட்டும் மருமகள்கள் மாமனாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

அனைவரும் என்ற சொல்லுக்கு அந்தக் கட்டுத்தரையில் ஓர் எல்லை இருந்தது. தும்பிக்குத் தோல் தைத்துக் கொடுத்த அருந்ததியர் குடும்பமும், ஆண்டுக் கூலிக்கு மாடு மேய்த்த பண்ணையாளின் குடும்பமும் அன்று புதுத்துணி பெற்றார்கள், பொங்கலும் பெற்றார்கள்; ஆனால் வேலிப்படலுக்கு வெளியே நின்று பெற்றார்கள். கன்றை அது பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்தவர், அது தெப்பம் தாண்டுவதைப் படலின் இடுக்கு வழியாகப் பார்த்தார். தம் கையால் தைத்த தும்பியின் வழியே தோட்டம் முழுவதும் தண்ணீர் பாய்ந்த மனிதருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், கை குவித்துக் குனிந்து நிற்க, மேலிருந்து ஊற்றினார்கள். மாட்டையும் மரத்தையும் கிணற்றையும் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்ட நம்பிக்கை, கூட உழைத்த மனிதனை வெளியே நிறுத்தியதை அந்த வீட்டில் எவரும் ஒரு குறையாக உணர்ந்ததாக நினைவில் இல்லை. அக்காலத்துப் பண்ணைய வாழ்க்கையை இன்று இனிக்க இனிக்க எழுதுகிறவர்கள் பலர் இந்தப் படலைத் தாண்டி வருவதில்லை.

நோய் வந்த காலங்களில் ஆத்தாவின் வழிபாடு சண்டையாக மாறும். கோமாரி எனப்படும் நோய் கண்டால் மாட்டின் வாயும் குளம்பும் புண்ணாகித் தீனி எடுக்காது. கால்நடை மருத்துவரை வரவழைத்த பிறகும், நல்லெண்ணெயில் தோய்த்த வாழைப்பழத்தை நாக்கில் தடவிக்கொண்டு இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் ஆத்தா. மருந்துக்கும் வேண்டுதலுக்கும் இடையே எது பெரிது என்ற ஐயம் அவருக்கு ஒருபோதும் எழவில்லை. இரண்டையும் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். கண்ணபுரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர், இரண்டு நாள் கழித்தும் மாடு எழவில்லையென்றால் அம்மன் இருக்கும் திசையைப் பார்த்து, "உன்ற மாட்டுக்கு வந்திருந்தா இப்படிச் சும்மா உக்காந்திருப்பியா?" என்று கேட்டுவிடுவார். மாடு பிழைத்தால், சித்திரைத் தேர்த்திருவிழாவின்போது உருவாரம், அதாவது சுட்ட மண்ணால் செய்த மாட்டுப் பொம்மை, கோயிலில் வைக்கப்படும். அத்திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் அப்பாரு எருது விலை பேசிக்கொண்டிருக்க, ஆத்தா உருவாரத்தை முந்தானையில் பொதிந்து கோயிலுக்கு எடுத்துப் போவார். மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர்ப் பெண்கள் வீடுவீடாகச் சென்று உப்பில்லாத சோறு இரந்து வாங்கிப் பொதுவிடத்தில் கூடி உண்டு ஒப்பாரி வைக்கும் மழைச்சோற்று வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே. பிச்சையெடுக்கும் நிலைக்குத் தன் மக்கள் வந்துவிட்டதைத் தெய்வம் கண்டு வெட்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். கெஞ்சுவதைவிட வழக்காடுவது அதில் அதிகம்.

வழக்காடும் உரிமை இருந்த அளவுக்குப் பெண்களுக்குக் கோயிலில் இடம் இருந்தது என்று கூற முடியாது. வெள்ளகோவில் வீரக்குமாரசாமி கோயிலுக்குள் பெண்கள் செல்லும் வழக்கமே இல்லை. மாசி மகாசிவராத்திரித் தேருக்குக் குடும்பத்தோடு போகும்போது ஆத்தா வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். குலதெய்வமும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டோடு முடிந்து, திருமணத்துக்குப் பின் கணவன் வீட்டுக் குலதெய்வமே அவளுடையதாகிறது. ஆத்தா தம் பிறந்த வீட்டுச் சாமிக்குப் பெயர் சொல்லாமல், வெள்ளிக்கிழமைகளில் அந்தத் திசையை நோக்கித் தனியாக ஒரு விளக்கு வைத்துவந்தார்; அது எதற்கென்று அப்பாரு கேட்டதில்லை, அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது. உறவு முழுவதுமாக அறுந்துவிடக் கூடாது என்ற கவலை சடங்குகளிலும் உண்டு. கொங்குத் திருமணங்களில் இணைச்சீர் என்றொரு சடங்கு இருக்கிறது. மணமகனோடு அவன் உடன்பிறந்தவள் இணைந்து நிற்கும் இச்சீர், அண்ணன் வீட்டில் தங்கைக்குள்ள உரிமை மாறாது என்பதற்கு உறுதி என்று பெரியவர்கள் விளக்குவர். உடுக்கையடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணமார் சாமி கதையும் பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மாரின் வீரத்தைப் பாடுவதோடு, படுகளத்தில் வீழ்ந்த அவர்களைத் தேடிச் செல்லும் தங்கை தங்காளின் கதையாகவும் இருக்கிறது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஒலிநாடாவில் பதிவு செய்த கதை இதுதான். சாளை வாசலில் அக்கதை பாடப்பட்ட இரவுகளில் போர்க்களப் பகுதியைப் பிள்ளைகள் விழித்திருந்து கேட்டார்கள்; தங்காள் அழும் பகுதி வரும்போது மருமகள்கள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து தூணோரம் நின்றார்கள்.

மோட்டார் வந்தபின் கவலை வாரி தூர்ந்து, அதில் எருக்கஞ்செடி முளைத்தது. எல்லா விவசாயிகளுக்கும் 1990இல் மின்சாரம் இலவசமானபோது சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, பங்குக் கிணற்றின் ஊற்று வற்றிவிட்டதால், முறை வைத்துச் சண்டையிடத் தண்ணீரும் இல்லாமல் போயிற்று. இளையவர்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். குலதெய்வம் மட்டும் இன்னும் பங்கு பிரியாமல் இருக்கிறது. திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது மணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு குடியாகக் கணக்கிட்டு வாங்கும் தொகை, ஆண்டுதோறும் பிரிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் கொண்டுவந்த திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை அளித்தது. அதன்படி, அன்று செவ்வரளிப் பொட்டணத்தை எடுத்த பேத்தியின் பெயரில் இப்போது தோட்டத்தின் ஒரு பங்கு இருக்கிறது. வற்றிய கிணறும் கன்னிமார் கற்களும் அந்தப் பங்குக்குள்தான் வருகின்றன. அவர் தலைக்கட்டு வரியைத் தாமாகவே கொண்டுபோய்க் கொடுத்தபோது, வேறு குலதெய்வத்துக்கு உரிய பெண்ணிடம் வரி வாங்கலாமா என்று கோயில் பெரியவர்கள் நெடுநேரம் பேசினார்கள். பூவாக்குக் கேட்கலாம் என்று ஒருவர் சொல்ல, பொட்டணத்தைத் தாமே மடிப்பதாகப் பேத்தி சொன்னார். அதன்பின் பேச்சு முடிந்து, பணம் வாங்கப்பட்டு, ரசீது அவருடைய அப்பாவின் பெயரில் எழுதிக் கொடுக்கப்பட்டது.